மலிவு விலை மின் கித்தார்: கட்டமைப்புத் தரமும் பழுதுநீக்கமும் – ஒரு வரலாறு

மலிவு விலை மின் கித்தார் என்பது, தொடக்கநிலை மாணவர்களுக்காகத் தொழிற்சாலைகளில் பெருமளவில், குறைந்த செலவில் செய்யப்படும் மின் கித்தாரைக் குறிக்கும். 1950களில் அமெரிக்காவில் பரவலான இவ்வகைக் கருவி, பின்னர் ஜப்பான், தென்கொரியா, இந்தியா, இந்தோனேசியா, சீனா ஆகிய நாடுகளில் செய்யப்பட்டது. இதன் வரலாறு, ஒரு கருவியின் விலையைக் குறைக்க எந்தெந்தச் செலவு எப்போது குறைக்கப்பட்டது என்பதன் வரலாறும் ஆகும்.

புதிதாகக் கித்தார் கற்கும் மாணவர்களில் பலர் சில மாதங்களிலேயே விட்டுவிடுகின்றனர். விரல் நுனி வலிக்கிறது, சுருதி நிற்பதில்லை, சில இடங்களில் தந்தி அதிர்ந்து இரைகிறது என்பவை அவர்கள் கூறும் காரணங்கள். தம் விரல்களிலோ காதிலோ குறை உள்ளது என்று அவர்கள் எண்ணுவதும் உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பகுதி கருவியின் குறையே ஆகும். ஒரு தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. அப்படி மூன்று, நான்கு தாள்களின் அளவு தந்தி கூடுதல் உயரத்தில் இருந்தாலே தொடக்கநிலை மாணவரின் விரல் வலிக்கும். இந்த நுட்பமான சரிசெய்தல் கைவேலை; கைவேலைக்கு நேரம் ஆகும்; விலை குறையும்போது முதலில் குறைவது அந்த நேரம்தான்.

வீணையோடு ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வீணை நல்ல எடுத்துக்காட்டு. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்படுகின்றன. செவியால் சுருதி பார்த்து ஒவ்வொரு மெட்டையும் உரிய இடத்தில் அமைப்பதை மேளம் கட்டுதல் என்பர். மெழுகு இளகினாலோ மெட்டு தேய்ந்தாலோ மீண்டும் மேளம் கட்ட வேண்டும். இதை வீணையின் குறை என்று யாரும் கருதுவதில்லை. வாத்தியத்தைப் பேணும் முறையின் ஒரு பகுதியாகவே அது ஏற்கப்பட்டுள்ளது.

கித்தாரில் மெட்டுக்கு இணையானது ஃபிரெட். இது மரத்தில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்கப்படும் உலோகக் கம்பி. செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகத்தால் ஆனது. வெள்ளி கலவாவிடினும் நிக்கல் சில்வர் என்று பெயர். ஃபிரெட்டுகளின் இடம் கணக்கின்படி அமைகிறது. தந்தியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃபிரெட் கிடைக்கும். 648 மி.மீ. தந்தி நீளமுள்ள கித்தாரில் முதல் ஃபிரெட் சுமார் 36.4 மி.மீ. தூரத்திலும், பன்னிரண்டாவது ஃபிரெட் சரிபாதியான 324 மி.மீ. தூரத்திலும் அமையும்.

இடம் நிலையானது என்பதால் கித்தாருக்குச் சரிசெய்தலே வேண்டியதில்லை என்று வாங்குவோர் நினைக்கின்றனர். உண்மையில் தந்தியின் உயரம், கழுத்தின் வளைவு, ஃபிரெட்டுகளின் மட்டம், தந்தி முடியும் இடம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். இவ்வேலைக்குச் செட்டப் என்று பெயர். வீணைக்கு மேளம் கட்டுவது போன்றதே இது. மலிவுக் கித்தாரில் இவ்வேலையின் பெரும்பகுதி வாங்குபவரிடம் விடப்படுகிறது. ஆனால் அது அவருக்குச் சொல்லப்படுவதில்லை.

திருகாணிக் கழுத்து

வணிக நோக்கில் வெற்றி பெற்ற முதல் மின் கித்தார் 1932-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் உருவாக்கிய அது, வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் 'வறுவல் சட்டி' என்று அழைக்கப்பட்டது. காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப் என்னும் பாகம் எஃகுத் தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றியது. இதனால் ஒலியைப் பெருக்க உள்ளீடற்ற மரப்பெட்டி தேவையில்லை என்றாயிற்று. கட்டை ஒன்றில் தந்தி பூட்டினாலே போதும் என்னும் இந்த நிலைதான் பிற்கால மலிவுக் கித்தாருக்கு அடிப்படை.

அடுத்த மாற்றத்தைச் செய்தவர் கலிஃபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுது பார்த்துவந்த லியோ ஃபெண்டர். இவர் கித்தார் வாசிக்கத் தெரியாதவர். கழுத்தைப் பசையால் ஒட்டும் மரபை விட்டு, நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைத்தார். கழுத்து பழுதானால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். உடலையும் கழுத்தையும் தனித்தனித் தொழிலாளர்கள் ஒரே நேரத்தில் செய்யலாம். 1950-இல் வந்த இவரது கித்தார் 1951-இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வந்தது. கிப்சன் நிறுவனம் 1952-இல் லெஸ் பால் கித்தாரை வெளியிட்டது. இன்றைய மலிவுக் கித்தார்களில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்றன் வடிவத்தைப் பின்பற்றியவை.

பட்டியல் வணிகக் காலம்

அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் அஞ்சல் வழிப் பட்டியல் மூலம் வீட்டுப் பொருள்கள் அனைத்தையும் விற்றது. அதன் சில்வர்டோன் பெயரில் விற்ற மின் கித்தார்களில் பலவற்றை நியூ ஜெர்சி மாநிலத்தில் நாதன் டேனியல் நடத்திய டேன்எலக்ட்ரோ நிறுவனம் 1954 முதல் செய்து தந்தது. சிகாகோவின் ஹார்மனி, கே ஆகிய நிறுவனங்களும் இதே சந்தைக்குக் கித்தார் செய்தன.

செலவைக் குறைப்பதில் டேனியல் கையாண்ட வழிகள் குறிப்பிடத்தக்கவை. மரச்சட்டம் ஒன்றின் மேலும் கீழும் மரநார் அட்டைப் பலகையை ஒட்டி உடலை அமைத்தார். பிக்கப்புகளை உதட்டுச்சாயக் குழாயினுள் பொருத்தினார். கழுத்தினுள் சரிசெய்ய இயலாத எஃகுப் பட்டைகளை வைத்தார். 1962-இல் பெட்டியின் உள்ளேயே ஒலிபெருக்கி அமைந்த கித்தார் ஒன்று 70 டாலருக்கும் குறைந்த விலையில் விற்கப்பட்டது. உடல் அட்டைப் பலகையாக இருந்தும் இக்கித்தார்கள் ஒலியால் மதிப்புப் பெற்றன. லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் பிற்காலத்தில் டேன்எலக்ட்ரோ கித்தாரை மேடையில் பயன்படுத்தினார். மின் கித்தாரின் தரத்தை மரத்தின் விலையை மட்டும் கொண்டு அளக்க முடியாது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

ஜப்பான்: நகலும் போட்டியும்

1960களில் பீட்டில்ஸ் குழுவின் புகழால் கித்தார் தேவை பெருகியது. அதை நிரப்பியவை டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள். பளபளக்கும் தகடுகளும் மூன்று, நான்கு பிக்கப்புகளும் வரிசையான சுவிட்சுகளும் இக்கித்தார்களின் அடையாளம். கடைக் கண்ணாடியில் தெரியும் பாகங்களுக்குச் செலவிட்டு, தெரியாத பாகங்களில் மிச்சம் பிடிக்கும் போக்கு இவற்றில் தெளிவாகக் காணப்படுகிறது.

இதே காலத்தில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களிலும் செலவுக் குறைப்பு நுழைந்தது. 1965-இல் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1971-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்துத் திருகாணிகள் நான்கிலிருந்து மூன்றாயின. எஃகால் ஆன பிரிட்ஜ் கட்டைக்குப் பதிலாகத் துத்தநாகக் கலவை வார்ப்பு வந்தது. விலையுயர்ந்த பெயர் உள்ள கருவியிலும் உலோகப் பாகத்தின் தரம் இறங்கலாம் என்பதை வாசிப்போர் உணர்ந்தனர்.

அதற்குள் ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் 1960-இல் தொடங்கப்பட்ட ஃபுஜிகென் போன்ற தொழிற்சாலைகள் நன்கு தேர்ச்சி பெற்றுவிட்டன. ஐபனெஸ் பெயரில் வந்த நகல்களின் தலைப்பகுதி வடிவம் தொடர்பாக, கிப்சனின் உரிமையாளரான நார்லின் நிறுவனம் 1977-இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஃபெண்டர் வேறு வழியைத் தேர்ந்தது. 1982-இல் ஜப்பானியப் பங்குதாரர்களுடன் ஃபெண்டர் ஜப்பான் நிறுவனத்தை அமைத்து, தன் வடிவங்களை ஃபுஜிகென் தொழிற்சாலையிலேயே செய்யத் தொடங்கியது. அவற்றுக்கு இடப்பட்ட ஸ்குவையர் என்னும் பெயர், 1965-இல் ஃபெண்டர் வாங்கிய பழைய தந்தி நிறுவனம் ஒன்றின் பெயராகும். ஜே.வி. என்னும் எழுத்துகளோடு தொடங்கும் வரிசை எண் கொண்ட அக்காலக் கித்தார்கள் இன்றும் தேடி வாங்கப்படுகின்றன.

எந்திரம் செய்ததும் செய்யாததும்

1978-இல் அமெரிக்காவின் பீவி நிறுவனம் டி-60 என்னும் கித்தாரை வெளியிட்டது. துப்பாக்கிக் கட்டைகளைச் செதுக்கும் எந்திர முறையிலிருந்து எண்ணம் பெற்ற ஹார்ட்லி பீவி, கணினிக் கட்டுப்பாட்டு எந்திரங்களைக் கொண்டு உடலையும் கழுத்தையும் வெட்டச் செய்தார். பின்னர் சி.என்.சி. எந்திரங்கள் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பரவின. கழுத்துப் பள்ளம் பொருந்தாமை, ஃபிரெட் பள்ளம் இடம் தவறியிருத்தல் போன்ற பழைய குறைகள் இதனால் வெகுவாகக் குறைந்தன.

எந்திரம் தீர்க்காத வேலைகளும் இருந்தன. நட்டின் பள்ளத்தை ஒவ்வொரு தந்திக்கும் ஏற்ற ஆழத்தில் அறுப்பது, ஃபிரெட்டுகளை மட்டம் பார்த்து மெருகிடுவது, ஃபிரெட் முனைகளை உருட்டுவது ஆகியவை கைத்திறனும் நேரமும் கோருபவை. இன்றைய மலிவுக் கித்தாரில் மரவேலை பெரும்பாலும் சரியாகவும், மேற்சொன்ன வேலைகள் அரைகுறையாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

கொரியாவும் இந்தோனேசியாவும்

ஜப்பானில் ஊதியம் உயர்ந்ததும் உற்பத்தி தென்கொரியாவின் சாமிக், கோர்ட் முதலிய நிறுவனங்களுக்கு நகர்ந்தது. கொரியாவில் ஊதியம் உயர்ந்தபோது இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் நகர்ந்தது. இந்த இடமாற்றங்களின் சுமையைத் தொழிலாளர்கள் தாங்கினர். 2007-இல் கோர்ட் குழுமம் தன் கொரியத் தொழிற்சாலைகளை மூடியபோது வேலையிழந்தவர்கள் நடத்திய போராட்டம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்து, 2019-இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. மலிவுக் கித்தாரில் கைவேலை ஏன் குறைந்தது என்பதற்கும் இந்த வரலாறே விடை தருகிறது. குறைக்கப்பட்டது எப்போதும் கைத்திறன் மிக்க தொழிலாளியின் நேரமே.

இந்தியாவில்

இந்தியாவில் மேற்கத்திய இசைக்கருவி வணிகம் பழமையானது. சென்னையில் இன்று மியூசி மியூசிகல் என அறியப்படும் கடை, 1842-இல் மிஸ்க்வித் நிறுவனமாகத் தொடங்கியது. மும்பையின் ஃபுர்ட்டாடோஸ் 1865-இல் தொடங்கியது. எனினும் விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இறக்குமதி உரிமமும் உயர்ந்த சுங்க வரியும் வெளிநாட்டு மின் கித்தாரைச் சாதாரண மாணவருக்கு எட்டாததாக்கின. 1970, 1971 ஆண்டுகளின் சிம்லா பீட் போட்டிகளில் பங்கேற்றவை போன்ற இளைஞர் இசைக்குழுக்களின் காலத்தில், உள்ளூர்த் தச்சர் செய்த உடலில் வானொலி பழுது பார்ப்பவர் மின்பாகம் பொருத்துவது வழக்கமாக இருந்தது.

தென்னிந்தியத் திரையிசையில் மின் கித்தாருக்கு நிலையான இடம் கிடைத்தது. 1976-இல் அன்னக்கிளி படத்துக்கு இசையமைப்பதற்கு முன், இளையராஜா இசைக்குழுக்களில் கித்தார் வாசித்தார். கன்னடத் திரைப்பட இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் பணியாற்றினார். திரையிசை கேட்டு வளர்ந்த மாணவர்களின் கைக்கு எட்டியவை கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கித்தார்களே.

உலகச் சந்தைக்கான மின் கித்தார்களும் இந்தியாவில் செய்யப்பட்டன. 1980களின் இறுதியில் ஃபெண்டர் நிறுவனம் ஸ்குவையர் II, சன் மஸ்டாங் என்னும் பெயர்களில் விற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கித்தார்களில் ஒரு பகுதி இந்தியாவில் செய்யப்பட்டவை. 1991-க்குப் பின் இறக்குமதி தளர்ந்ததால் கொரிய, இந்தோனேசிய, சீனக் கித்தார்கள் எளிதில் கிடைத்தன. 2019-இல் யமஹா நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் தொழிற்பூங்காவில் இசைக்கருவித் தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கு மின்விசைப் பலகைகளும், மின்னிணைப்பற்ற மரக் கித்தார்களும் செய்யப்படுகின்றன.

ஈட்டியும் கருமருதும்

உலகக் கித்தார் தொழிலுக்குத் தென்னிந்தியா அளித்த முதன்மையான பொருள் மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், கித்தார் கழுத்தின் மேற்பலகைக்கு விரும்பப்பட்டது. பிரேசில் நாட்டு ஈட்டி கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. ஈட்டி மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

2017 ஜனவரி 2 முதல், ஈட்டி இனம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கித்தாருக்கும் ஏற்றுமதிச் சான்று தேவைப்பட்டதால் மலிவுக் கித்தார் செய்வோர் வேறு மரங்களை நாடினர். அவற்றுள் ஒன்று வணிகத்தில் இந்தியன் லாரல் எனப்படும் கருமருது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் மலிவுக் கித்தார் பலவற்றில் கருமருது நிலைத்துவிட்டது. மேற்பலகை ஈட்டியா கருமருதா என்பதைவிட, அம்மரம் நன்கு உலர்த்தப்பட்டதா என்பதே வாசிப்பவருக்கு முக்கியம்.

குறைகளும் திருத்தங்களும்

நட்: இது போல்ட்டில் மாட்டும் நட் அன்று, கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் சிறு துண்டு. மலிவுக் கித்தாரில் பிளாஸ்டிக்கால் ஆனது. பள்ளம் அளவுக்கு மேல் ஆழமானால் நட்டையே மாற்ற நேரும் என்பதால் தொழிற்சாலையில் பள்ளத்தை ஆழம் குறைவாக விட்டுவிடுகின்றனர். இதனால் முதல் ஃபிரெட்டில் தந்தியை அழுத்துவது கடினமாகிறது. அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறுகிறது. தந்தியின் தடிமனுக்கு ஏற்ற மெல்லிய அரத்தால் சிறிது சிறிதாக அறுத்து, ஒவ்வொரு முறையும் தந்தி பூட்டிப் பார்ப்பதே திருத்தும் முறை. பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவினால் தந்தி சிக்காமல் நகரும்.

முறுக்காணி: வீணையின் பிருடைக்கு இணையான இதில் பற்சக்கரம் உண்டு. 14:1 என்று குறித்திருந்தால், பிடியை 14 முறை திருப்பினால் தண்டு ஒரு முறை சுழலும் என்று பொருள். சுருதி நிற்காவிட்டால் பெரும்பாலோர் முதலில் இதைத்தான் மாற்றுகின்றனர். ஆனால் காரணம் பெரும்பாலும் நட்டில் தந்தி சிக்குவதோ, தண்டில் தந்தியை ஒழுங்கின்றிச் சுற்றியதோ ஆகும். இரண்டு, மூன்று சுற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தால் போதும். திருகாணிகள் தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும். பற்சக்கரமே தேய்ந்து ஆடினால் மட்டுமே புதியது தேவை.

கழுத்து: ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தைச் சுமார் 45 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கின்றன. இதை ஈடுசெய்யக் கழுத்தினுள் டிரஸ் ராடு என்னும் எஃகுக் கம்பி உள்ளது. சரிசெய்யத்தக்க டிரஸ் ராடுக்குக் கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மக்ஹூ 1923-இல் காப்புரிமை பெற்றார். தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், ஏழாவது ஃபிரெட்டின் மேல் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இடைவெளி இருப்பது பொதுவாகப் போதுமானது. இடைவெளி கூடினால் ராடை இறுக்க வேண்டும். இல்லவே இல்லையெனில் தளர்த்த வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்புதல் கூடாது.

ஃபிரெட்: ஒரு ஃபிரெட் மட்டும் உயர்ந்திருந்தால் அதற்கு முந்தைய இடத்தில் அழுத்தும்போது தந்தி இரையும். மூன்று ஃபிரெட்டுகளின் மேல் சிறிய நேர்விளிம்பை வைத்தால் அது ஆடுவதைக் கொண்டு கண்டறியலாம். ஃபிரெட் தன் பள்ளத்திலிருந்து எழும்பியிருந்தால் மெல்லத் தட்டி இறக்க வேண்டும். மற்றபடி மையால் குறியிட்டு மட்டமான அரத்தால் தேய்த்து, மீண்டும் உருட்டி மெருகிட வேண்டும். தேய்த்த உலோகம் மீண்டும் வராது என்பதால் கழுத்து வளைவைச் சரிசெய்த பின்னரே இதைச் செய்வது முறை.

பிரிட்ஜ்: வீணையின் குதிரைக்கு இணையானது. ஒவ்வொரு தந்தியும் தங்கும் சாடில் என்னும் துண்டின் உயரத்தைச் சிறு ஆலன் கீயால் மாற்றலாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தியின் உயரம் 1.5 முதல் 2 மி.மீ. வரை இருப்பது வழக்கம். அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலி, அங்கே மெல்லத் தொட்டு மீட்டும் ஒலியைவிடச் சுருதி கூடினால் சாடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். குறைந்தால் முன்னுக்கு நகர்த்த வேண்டும். அசையும் பிரிட்ஜ் உள்ள மலிவுக் கித்தாரில், பின்புற விற்சுருள்களை இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு படிந்து நிற்கச் செய்தாலே சுருதிச் சிக்கல் பெரிதும் குறையும்.

திருகாணித் துளை: மென்மையான மரத்தில் துளை தேய்ந்து, திருகாணி பிடிமானமின்றிச் சுழலும். மூங்கில் குச்சியை மரப்பசையில் தோய்த்துத் துளையில் நிரப்பி, உலர்ந்தபின் மீண்டும் திருகினால் பிடிக்கும்.

மின்பாகங்கள்: ஒலி விட்டுவிட்டு வருவதற்கு முதற்காரணம் தளர்ந்த ஜாக். அதன் நட்டை வெளியே மட்டும் முறுக்கினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். உள்ளே பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். கரகரப்புக்குக் காரணம் ஒலி அளவுக் குமிழின் கரித்தடத்தில் படிந்த தூசி. தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால் தந்தியின் தரையிணைப்பு சரியாக உள்ளது என்றும், உட்குழிவுக்குச் செம்புத்தாள் ஒட்டுவது பயன்தரும் என்றும் அறியலாம். தொட்டவுடன் இரைச்சல் கூடினால் இணைப்பில் தவறு உள்ளது. கித்தாரினுள் உள்ள மின்சாரம் மிகச் சிறியது. ஒலிபெருக்கியோ அவ்வாறன்று. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் இருக்கக்கூடும். எனவே மாணவர்கள் அதைத் திறக்கக் கூடாது. தரையிணைப்புள்ள மூன்று துளைப் பிளக்கிலேயே இணைக்க வேண்டும்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில்

கித்தார் சரிசெய்தல் ஊரின் தட்பவெப்பத்தையும் சார்ந்தது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். கிருஷ்ணகிரி நகரம் அதைவிடத் தாழ்ந்ததும் வெப்பம் மிகுந்ததும் ஆகும். ஈரப்பதம் மிகுந்த இந்தோனேசியாவிலிருந்து வரும் கித்தார், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் இங்கு ஈரத்தை இழக்கிறது. மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. எனவே ஃபிரெட் முனைகள் கழுத்தின் ஓரத்தில் வெளியே நீட்டிக் கையைக் கீறும். வடகிழக்குப் பருவமழையில் மரம் மீண்டும் ஈரத்தை ஏற்கும்போது கழுத்தின் வளைவு மாறும். ஆண்டுக்கு இருமுறை, கோடையின் தொடக்கத்திலும் மழைக்காலத்திலும், கழுத்தைச் சோதிப்பது இப்பகுதிக்குப் பொருந்தும். நீட்டிய முனைகளை ஒருமுறை அரத்தால் உருட்டிவிட்டால் மீண்டும் தொல்லை தருவது குறைவு. சென்னை போன்ற கடலோர ஊர்களில் இச்சிக்கல் குறைவு. அங்கு தந்தியும் சாடில் திருகாணிகளும் துருப்பிடிப்பதே பெரிய சிக்கல்.

ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூரு, இந்திய ராக் இசையின் முதன்மை நகரங்களுள் ஒன்று. 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் குழு இந்தியாவில் முதன்முறையாக இசை நிகழ்த்தியது அந்நகரின் அரண்மனை மைதானத்தில்தான். மறுபுறம் ஓசூர், நுண்ணளவு உலோக வேலைக்குப் பெயர்பெற்ற தொழில் நகரம். 1984-இல் தொடங்கப்பட்ட டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலையும், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் வாகனத் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் இங்கு உள்ளன. கித்தார் செட்டப்புக்கு வேண்டிய ஃபீலர் கேஜ், எஃகு அளவுகோல், ஆலன் கீ, ஊசி அரம், சால்டரிங் அயர்ன் ஆகியவை அத்தகைய பட்டறைகளின் அன்றாடக் கருவிகள். எந்திரத்தில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜே கழுத்து வளைவையும் அளக்கும். தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர் பிரிவில் அரம் பிடிக்கக் கற்ற மாணவருக்கு, ஃபிரெட் மட்டம் பார்ப்பதன் அடிப்படை புதிதன்று.

எதை மாற்றலாம்

மலிவுக் கித்தாரில் பாகங்களை மாற்றும் ஆர்வம் இன்று பரவலாக உள்ளது. செலவுக்கு ஏற்ற பயன் கருதினால் வரிசை பின்வருமாறு அமையும்: முதலில் புதிய தந்திகளும் முழுமையான செட்டப்பும், அடுத்து எலும்பு அல்லது தரமான செயற்கைப் பொருளால் ஆன நட், பிறகு ஜாக், ஒலி அளவுக் குமிழ், சுவிட்ச், அதன்பின் தேவையெனில் முறுக்காணியும் பிரிட்ஜும், கடைசியாகப் பிக்கப். மலிவுப் பிக்கப்புகளில் பெரும்பாலும் பீங்கான் வகைக் காந்தம் இருக்கும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ஆல்நிக்கோ காந்தத்தைவிட இது விலை குறைந்தது. ஒலியின் தன்மை வேறுபடுமே தவிர, குறைபாடுடையது என்று கூற முடியாது. புதிய பாகம் வாங்குமுன் திருகாணி இடைவெளியையும் துளை விட்டத்தையும் மி.மீ. கணக்கில் அளப்பது அவசியம். அமெரிக்க அங்குல அளவும் ஆசிய மெட்ரிக் அளவும் சிறிதளவு வேறுபடுவதால் பொருந்தாமல் போவதுண்டு.

கழுத்து முறுக்கேறியிருத்தல், டிரஸ் ராடு சுழலாதிருத்தல், ஃபிரெட் இடம் தவறியிருத்தல் ஆகிய மூன்றும் மலிவாகத் திருத்த இயலாதவை. வாங்கும்போதே இம்மூன்றையும் சோதிக்க வேண்டும். தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் நீளவாட்டில் பார்த்தால் முறுக்கு தெரியும். இவை இல்லாத கித்தாராயின் விலை எதுவாக இருந்தாலும் கற்பதற்கு ஏற்றதாக்க முடியும். வாங்கிய முதல் வாரத்திலேயே செட்டப் செய்துவிட்டால், கருவியின் குறையைத் தன் விரலின் குறையாக எண்ணி மாணவர் இசையைக் கைவிடும் நிலை பெரிதும் தவிர்க்கப்படும்.